கடனில்லாத மாப்பிள்ளை

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு மகனோடு என்னைப் பெண் பார்க்க வந்த தனலெட்சுமி ஆன்டி, கேசரியைத் தொடுவதற்கு முன்பே கணக்கை ஆரம்பித்துவிட்டார்.

"மெக்கானிக்கல் என்ஜினியர்னா சம்பளம் எவ்வளவும்மா?"

"மூவாயிரத்து இருநூறு வெள்ளி, ஆன்டி."

"படிச்ச லோன்?"

"முப்பதாயிரம் பாக்கி."

ஆன்டியின் முகம் சுருங்கியது. "எங்க சர்வினும் அதே படிப்புதான். ஒரு சென்கூட கடன் இல்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களை வெளியே அனுப்பியதும், கார் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படி கடன் இல்லாம போச்சு?"

சர்வின் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பதாயிரம் இருக்கு. அம்மாகிட்ட ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லி வச்சிருக்கேன். போட்டுக் கொடுத்துடாதீங்க லா."

"மாட்டேன். ஆனா உள்ள போய் எனக்காகப் பேசணும்."

உள்ளே போனதும் சர்வின் நெஞ்சை நிமிர்த்தினார். "அம்மா, லோன்லாம் ஒரு விஷயமே இல்ல. மாசாமாசம் சம்பளத்துல வெட்டிடுவாங்க. போறதே தெரியாது."

வாய்க்குப் போன கேசரியை ஆன்டி தட்டிலேயே வைத்தார்.

"உனக்கு எவ்வளவுடா வெட்டுறாங்க?"