இரண்டு ரிங்

கருங்கல் ஊரில் ஐஸ் பிளாண்ட் நடத்தும் எபிசன் இணைய போன் சேவைக்கு மாறினார். இனி ஒரு அழைப்பும் தவறாது என்று சொல்லியிருந்தார்கள். முதல் ரிங்கிலேயே ஒரு பெண் குரல் எடுத்து, ஐஸ் வேண்டுமானால் ஒன்றை அழுத்தச் சொன்னது.

படகுக்காரர் ஞானதாசன் கடலிலிருந்து திரும்பும்போது, சிக்னல் கிடைத்ததும் இரண்டு ரிங் விட்டுத் துண்டிப்பார். எண்ணைப் பார்த்ததும் எபிசன் துறைக்கு ஐஸ் வண்டியை அனுப்பிவிடுவார். பதினெட்டு வருடப் பழக்கம். போனை மாற்றியபோது அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஞானதாசன் நேரில் வந்து நின்றார்.

"வண்டி எங்கடே?"

"மிஸ்டு கால் ஒண்ணும் வரல்லியே அண்ணே."

"எப்பிடி வரும்? உனக்க வீட்டுக்காரி உடனே எடுத்திட்டாளே. அவகிட்ட சொல்லிட்டுதான் வச்சேன். இப்ப வரும் இப்ப வரும்னு ரெண்டு மணிக்கூர் காத்துக் கிடந்தோம். மீன் அவ்வளவும் நாறிப் போச்சு."

"அது வீட்டுக்காரி இல்ல அண்ணே, மிஷினு."

"மிஷினா? அப்போ இனி மிஷினுக்கே ஐஸ வில்லு" என்று ஞானதாசன் திரும்பி நடந்தார்.

எபிசன் அன்றே அந்தக் குரலை நீக்கச் சொன்னார். ஒரு மாதமாகியும் ஞானதாசனின் எண்ணிலிருந்து ரிங் வரவில்லை. புதிய போன் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்து வைத்திருந்தது. ஒருநாள் அவருடைய கடைசி அழைப்பைப் போட்டுக் கேட்டார். காற்று, எஞ்சின் இரைச்சல், நடுவே, மகளிடம் பேசுவதுபோல் ஞானதாசனின் குரல்.

"சுகமா மக்களே? அவன்கிட்ட வண்டி விடச் சொல்லு."

"மன்னிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்."

"சரி மக்களே, மெதுவா வரட்டும்."