இந்தக் கடலில் இறங்காதீர்கள்

படகுத்துறையிலிருந்து ஹோட்டலுக்கு விருந்தினர்களை வேனில் கூட்டிப்போவது என் வேலை. வழியில் மைக்கைப் பிடித்து அவர்களுக்குத் தீவைப் பற்றிச் சொல்வது என் அக்காவின் வேலை. ஊரே அவளை 'மைக்' என்றுதான் கூப்பிடும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதை மேனேஜர் முடிவுசெய்வார். வெளியே சாப்பிடாதீர்கள், வயிறு கெடும். வெளி ஆட்டோவில் ஏறாதீர்கள், ஏமாற்றுவார்கள். இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருக்கும். ஹோட்டல் கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பது எங்கள் சித்தி.

ஒரு நாள் ஹோட்டலுக்கு எதிரே குளித்த ஒரு பெண்ணை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்துப் படகில் தூக்கிப் போட்டதால் பிழைத்தாள். மறுநாளே மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"தீவுலயே பாதுகாப்பான கடல் நம்மளுதுன்னு இனிமே சேர்த்துச் சொல்லு."

"எப்படி சார் வாய் கூசாம சொல்றது?"

"பேசுறது உன் வேலை. யோசிக்கிறது என் வேலை."

அடுத்த முறை அவரே வேனில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் முழுக்கக் குடும்பங்கள். ஒரு சின்னப் பெண் காற்றடித்த வளையத்தை இப்போதே இடுப்பில் மாட்டிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நின்றிருந்தாள். அக்கா அவளையே பார்த்தாள். பிறகு மைக்கை எடுத்தாள்.

"ஹோட்டலுக்கு முன்னாடி இருக்கிற கடல்ல யாரும் இறங்காதீங்க. பார்க்க சாதுவா இருக்கும், காலை வாரிடும். போன வாரம் ஒருத்தங்களை இழுத்துட்டுப் போச்சு. ஊர்ப் பிள்ளைங்க குளிக்கிற இடம் துறைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்க போங்க."

மேனேஜர் விருட்டென்று திரும்பினார். "நிறுத்து!"

"இன்னும் கொஞ்சம்தான் சார். குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, அது ஹோட்டல் குழாயா இருந்தாலும் சரி. கரண்ட் அடிக்கடி போகும், டார்ச் வச்சுக்கங்க. இருக்கிறது ஒரே ஏடிஎம், அதுக்கும் அப்பப்ப உடம்புக்கு முடியாம போயிடும். ஆட்டோல ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க. வெளியில தாராளமா சாப்பிடுங்க, அடுப்புல இருந்து சூடா இறக்கினதா பார்த்து..."

அவர் மைக்கைப் பிடுங்கியதில் வயரே கையோடு வந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே கடைசி சீட்டு வரை கேட்டது.

"வண்டியை நிறுத்துடா! நீ இறங்கு. இனிமே ஹோட்டல் பக்கம் வராதே."

உச்சி வெயில், நடுரோடு. அக்கா இறங்கிச் செருப்பைச் சரிசெய்துகொண்டாள். எனக்குக் கியர் போடக் கை வரவில்லை.

"ஓட்டுடா தம்பி, குழந்தைங்க வெந்து போறாங்க" என்றாள்.

ஓட்டினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஆனால் ஹோட்டலில் அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "போன வாரம் இழுத்துட்டுப் போனது நிஜமா?"

மேனேஜர் சிரித்து மழுப்பினார். ரிசப்ஷனில் இருந்த பெண் தலையை நிமிர்த்தி, "நிஜம்தான் சார்" என்றாள். பாதிப் பேர் அப்போதே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஹோட்டலுக்கு எதிரே கரையில் குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி ஏறியது.

பிறகு மேனேஜர் என் மூலமாகச் சொல்லியனுப்பினார்: ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும், வேலை உண்டு.

"கொடியை நட்டது அவர். மன்னிப்பு நான் கேட்கணுமா? போடா" என்றாள் அக்கா.

இப்போது அவள் படகுத்துறையிலேயே நிற்கிறாள். இறங்குகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள்; கேட்டால் கூடவே போய்த் தீவைச் சுற்றிக் காட்டுகிறாள். மேனேஜர் புகார் கொடுத்து, ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"இங்க நின்னு பேசக் கூடாதும்மா."

"இது யார் இடம் சார்?"

அவர் யோசித்தார். "பொது இடம்."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படகு வருது."