களைத்துப்போன கட்டடம்

தையல்காரி மூலிகைப் பொடி சாப்பிடத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, அவள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம் உட்கார்ந்தது. இடியவில்லை, சரியவில்லை, ஒரு விரிசல்கூட விடவில்லை. நெடுநேரம் வரிசையில் நின்றவர் காலி நாற்காலியைக் கண்டதும் உட்காருவாரே, அந்த மாதிரி ஒரு பெருமூச்சோடு தணிந்து அமர்ந்தது. பத்தடி உயரமிருந்த தரைத்தளம் நாலடி ஓர் அங்குலமாகச் சுருங்கியது. இதை அளந்து சொன்னவர் அந்தத் தளத்திலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர்; குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். தவழ்ந்து வெளியே வந்தவர், டேப்பை மறந்துவிட்டதால் மறுபடி தவழ்ந்து உள்ளே போனார்.

தையல்காரிக்குப் பதினொரு வருஷமாக அசதி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது, போகிற வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகள், மாமியார், பிரிட்ஜ் மெக்கானிக் கணவன், இவர்களுக்கு நடுவே ஒரு தையல் மெஷின். வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே தூங்கிவிடுவாள். ஒரு தடவை வாடிக்கையாளரின் சட்டையோடு தன் கையையும் சேர்த்துத் தைத்து, சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் கவனித்தாள். ரத்தம் பார்த்த டாக்டரம்மா இரும்புச்சத்து குறைவு, வைட்டமின் டி பேருக்குக்கூட இல்லை என்று மாத்திரை எழுதி, தினம் இருபது நிமிஷம் வெயிலில் உட்காரச் சொன்னார். தெருமுனை மூலிகைக் கடைக்காரர் அமுக்கரா, நெல்லி, இஞ்சி மூன்றையும் இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும், இது இது பாட்டுக்கு வேலை பார்க்கும்" என்றார்.

இரண்டும் வேலை பார்த்தன. நாலாம் நாள் மெஷினை மிதிக்கும்போது உள்ளங்காலிலிருந்து ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்குவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள், தரை காய்ந்துதான் கிடந்தது. பத்தாம் நாள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். அவ்வளவு வேகமாக நடப்பவள் கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த கணவன், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கட்டடத்தைப் பார்க்க நகராட்சி இன்ஜினியர் வந்தார். தூக்குக்குண்டு விட்டார், சுவரைத் தட்டினார், கடைசியில் சுவரில் காதை வைத்தார். உள்ளே ஆழ்ந்த மூச்சு கேட்டது. 'சேதம் ஏதும் இல்லை. களைப்பு' என்று அறிக்கை எழுதிவிட்டு, "இந்தக் கட்டடத்துல சமீபத்துல யாருக்காவது உடம்பு தேறியிருக்கா?" என்று கேட்டார். எல்லார் கண்ணும் தையல்காரி பக்கம் திரும்பியது. அவள் உடம்பிலிருந்து இறங்கின அசதி மறைந்து போகாது, எங்கேயாவது தங்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குச் சாக்கடை பார்க்கப் போனார்.

அன்று மாலையே மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். நாலடி வீட்டில் பகலெல்லாம் குனிந்து கிடந்த தலைவருக்கு நிமிரவே பத்து நிமிஷம் ஆனது. "அம்மா, ஒரு சின்ன உதவி. அந்த அசதியை நீங்களே திரும்ப எடுத்துக்கிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது. உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கே."

தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பழக்கம் இருக்கு. அதனாலதான் வேண்டாங்கறேன்."

மாமியார், ஊரார் முன்னால் இப்படி எதிர்த்துப் பேச அந்தப் பொடிதான் காரணம் என்றாள். பொடியைக் கட்டடத்துக்கே கொடுத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, நாலு பொட்டலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தார்கள். குழாய்களில் தண்ணீர் பீய்ச்சியடித்தது, கட்டடம் இரண்டு தடவை விக்கியது, இன்னும் மூன்று அங்குலம் இறங்கியது. மறுநாள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, பொடியை நிறுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தையல்காரி பெட்டியைக் கீழே இறக்கித் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பேச்சு அவனுக்கு வராது, பிரிட்ஜ் வரும். "பிரிட்ஜ் குளிரை உண்டாக்குறதில்ல. உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுது, அவ்வளவுதான். பின்னால கை வச்சா சுடும். இந்த அசதியையும் யாராவது கை வச்சு வாங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுத் தரைத்தளத்துக்குப் போனான். வெறுங்காலோடு குனிந்து நின்று சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தான். கட்டடம் ஒரு முழம் எழுந்தது. அவன் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கண் திறந்தவனுக்குத் தம்ளரைத் தூக்கக் கை வரவில்லை. தையல்காரி தாங்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டினாள்.

"இத்தனையையுமா சுமந்துக்கிட்டு இருந்தே?" என்றான்.

"இது கால்வாசிகூட இல்ல."

அவன் மெல்ல எழுந்து, அவள் மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தான். தாறுமாறாகத்தான் வைத்தான். அவள் திருத்தவில்லை.

அதற்கப்புறம் சங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை. வீடுகள் ஏழு, நாளும் ஏழு, முறை போட்டுக்கொண்டார்கள். தலைவர் முதல் ஆளாகக் கை வைத்துவிட்டு, காய்கறி வாங்கப் போன இடத்தில் தராசுப் பக்கத்திலேயே தூங்கிப்போனார். மேல்மாடி வங்கி ஊழியர் பல் தேய்க்கும்போது பாதியில் அழுதுவிட்டார். கேட்டால், காரணம் எதுவும் இல்லை, கை வலித்தது என்றார். செவ்வாய்க்கிழமை தையல்காரி வீட்டு முறை. மாமியார் வீம்புக்கு நான்தான் எடுப்பேன் என்று போய் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"உன்னைச் சோம்பேறின்னு சொல்லியிருக்கேன்ல?"

"சொல்லியிருக்கீங்க."

"எத்தனை தடவை இருக்கும்?"

"எண்ணுறதுக்கு அப்போ தெம்பு இல்ல, அத்தை."

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. மருமகள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் கட்டடம் முழுசாக எழுந்து நின்றது. அதன் பிறகு அன்றாடம் புதிதாக இறங்குவதை அன்றைய முறைக்காரர் எடுத்துக்கொண்டார். வருஷங்கள் ஓடின. தையல்காரி எதிர்த்தெருவில் கடை போட்டாள், நாலு பெண்களை வேலைக்கு வைத்தாள். அந்தக் கடையும் மழைக்காலத்தில் கொஞ்சம் குந்தும், நாலு பேரும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் சுவரைத் தொட்டுவிட்டு வந்து தைப்பார்கள். இப்போது அந்தக் கட்டடத்துக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம், தண்ணீர் வரும் நேரம், குப்பை எடுக்கும் நாள், அசதி எடுக்கும் நாள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். வருகிறவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, குளியலறையில் வெந்நீர் வருமா என்றுதான் விசாரிக்கிறார்கள்.