மூன்றாவது விளக்குக் கம்பம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "அப்பவே நினைச்சேன்" என்று சொல்வதற்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பொய்யில் மொத்தமே இரண்டு சொல்தான். யார் யாரிடம் சொன்னார்கள் என்பதற்கு வருகிறேன். வராமல் மழுப்பினால் ஞாபகப்படுத்துங்கள்.

முதல் தொடக்கம் இது:

"கடல் தன் ரகசியங்களைக் கரைக்குச் சொல்லும் அந்த…"

அடித்துவிட்டேன். கடலுக்கு என்ன ரகசியம்? இரண்டாவது தொடக்கம்:

"ஆமைக்காரி இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுவாள். ஒன்று வெளிச்சம், இன்னொன்று மேனேஜர்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஆமைக்காரி என்பது கடற்கரை ஓட்டல் ஒன்றில் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர். கடலாமைகள் முட்டையிட வரும் மாதங்களில் விருந்தினர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் வேலை. காட்டுவதைவிட அவர்களை அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு. பத்துப் பேருக்கு மேல் கூடாது. ஆமை மேலேறி வரும்போது யாரும் அசையக் கூடாது. முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக நெருங்கலாம். தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவளுடைய டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெள்ளை வெளிச்சம் ஆமையின் திசையைக் குழப்பிவிடும்.

"கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வராதீங்க. பிரசவ வார்டுக்கு வர்ற மாதிரி வாங்க" என்பாள்.

ஆமை கடலுக்குத் திரும்பிய பிறகு குழியிலிருந்து ஓட்டல் மதில் வரை நாடா பிடித்து அளந்து நோட்டில் குறிப்பாள். சுற்றிலும் நான்கு குச்சி நட்டு வலை கட்டுவாள். எல்லாம் முடிந்த பிறகு ஆமை ஊர்ந்த தடத்தை ஒரு பலகையால் இழுத்து அழிப்பாள். அழித்த தடம் என்றால் எண்ணியாயிற்று என்று பொருள். யாரும் மறுபடி எண்ண மாட்டார்கள், முட்டை திருடுபவனுக்கும் வழி தெரியாது. ஆக, முதலில் அளப்பது, பிறகு அழிப்பது. இந்த வரிசையை மறக்க வேண்டாம். கதை இங்கேதான் தடுக்கி விழுகிறது.

3

அன்று வந்தவர்களில் எட்டுப் பேர் காத்திருந்து அலுத்துப்போய் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒரு பயணி மட்டும் நகரவில்லை. அறையில் தூங்கிக்கொண்டிருந்த கணவனின் செருப்பை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த பெண்மணி. விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆமை ஏறி வந்தது. முட்டையிட்டு முடித்து, பின்துடுப்பால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.*

"ஒரே ஒரு படம்" என்றாள் பயணி.

"கூடாதுங்க."

"எழுதுறதுக்குத்தாங்க கேக்கிறேன்."

ஆமைக்காரி யோசித்தாள். (யோசித்தாளா? நான்கு வரைவில் யோசிக்கிறாள், இரண்டில் உடனே சரி என்கிறாள். உண்மையில் அவள் முகம் அந்த இருட்டில் தெரியவில்லை.) டார்ச்சின் சிவப்புத் தாளை உரித்து, மதிலோர விளக்குக் கம்பத்தின் அடியில் போய் நின்று, "பத்து எண்ணுறதுக்குள்ள எடுத்துடுங்க" என்றாள். பயணி எடுத்தாள். ஆமை கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது.

டார்ச்சை அணைத்தும் அது மதில் பக்கமாகவே அலைந்தது. நான்கைந்து முறை வட்டமடித்து, கிழக்கு வெளுத்த பிறகுதான் கடல் எந்தப் பக்கம் என்று அதற்குப் புரிந்தது. மணல் முழுக்கக் கோணல்மாணலாகத் தடம். தெரிந்தவர்கள் பார்த்தால், இங்கே யாரோ வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். தெரிந்தவர்கள் காலை ஆறு மணிக்கு ரோந்து வருவார்கள். ஆமைக்காரி அளக்கக்கூட நிற்கவில்லை. பலகையை எடுத்து வட்டத்தை, வளைவை, குழி இருந்த மேட்டை, எல்லாவற்றையும் இழுத்து அழித்தாள். பிறகு நாடாவை எடுத்தாள். எங்கே பிடிப்பது? கரை முழுக்க ஒரே மாதிரி மணல். குத்துமதிப்பாக ஓரிடத்தில் குச்சி நட்டாள்.

* அது அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பு என்று ஆமைக்காரி சொன்னாள். பயணிக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அழுகையாக இருந்தால் எழுதத் தோதாக இருக்குமே.

4

இதுவரை எழுதியதை என் கணவர் துணி மடித்துக்கொண்டே படித்தார்.

"யாரு இந்தப் பயணி?"

"கற்பனைதாங்க."

"கற்பனைக்கு எதுக்கு என் செருப்பு?"

அவர் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எழுதுறதுக்குன்னு கேட்டியே, அன்னிக்கு எழுதுற எண்ணம் இருந்துச்சா?" என்றார்.

இல்லை. படத்தை நாத்தனாருக்கு அனுப்பத்தான் கேட்டேன். அனுப்பவும் செய்தேன், யாருக்கும் காட்டாதீங்க என்று ஒரு வரியும் சேர்த்து. ஊருக்கு வந்த பிறகு மனசு உறுத்தவே, சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் அது பொய் இல்லையே? எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

5

நேற்று மதியம் ஆமைக்காரி போன் செய்தாள்.

"அக்கா, நாப்பத்தஞ்சு நாளாச்சு. இன்னிக்கோ நாளைக்கோ குஞ்சு வெளிய வரணும். மனசு கேக்காம வலைக்குள்ள கையால தோண்டிப் பாத்தேன். முட்டையே இல்லக்கா."

"அப்ப எங்க இருக்கு?"

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடுறேன்?"

கரையோர விளக்குகள் தினமும் மாலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை எரியும். வலைக்கு எதிரே இருக்கும் இரண்டை மட்டும் மேனேஜர் அணைக்கச் சொல்லியிருக்கிறார். கூடு வேறிடத்தில் இருந்தால், வெளியே வரும் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் விளக்கைப் பார்த்து மதில் பக்கம் ஊர்ந்து, அங்கேயே காய்ந்து போகும். நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். "நீதானே அளந்து எழுதின? இப்ப இல்லைங்கிற. ஆதாரம் கொண்டா" என்றாராம்.

"அன்னிக்கு எடுத்த படம் இருக்காக்கா? கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும்."

"அழிச்சிட்டேன்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படத்தில் அவள் கையில் வெள்ளை டார்ச் எரிகிறது, அவள் வேலை போய்விடும் என்று பயந்தா? நான் கேட்டுத்தான் எரிந்தது என்று வெளியே தெரிந்துவிடும் என்றா? முதல் காரணம் எழுத அழகாக இருக்கிறது. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

குஞ்சுகள் எப்படியோ கடலுக்குப் போய்விடுகின்றன. (எப்படியோ என்றால் எப்படி? எழுதுகிறவள் கைகழுவும்போது போடும் சொல் அது.)

மின்சாரம் போய்விடுகிறது. கரை முழுக்க இருட்டு. குஞ்சுகள் வரிசையாக… (ஓட்டலில் ஜெனரேட்டர் இருக்கிறது. நானே பார்த்தேன்.)

பயணி மேனேஜருக்கு எழுதித் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறாள். (இது எனக்குப் பிடித்திருந்தது. நான் பெரிய மனுஷியாகத் தெரிகிறேன். ஆனால் நான் விருந்தினர். மேனேஜர் என்னை மன்னித்து, அடுத்த முறை வரும்போது தள்ளுபடியும் தருவார். டார்ச் பிடித்த கை யாருடையது என்றுதான் பார்ப்பார்.)

மூன்றாவதை வாசித்துக் காட்டியபோது கணவர் மடித்த துணியை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். "முடிவை அப்புறம் எழுதிக்க. முதல்ல படத்தை அனுப்பு" என்றார். இவருக்கு இலக்கியம் புரியாது என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

7

அனுப்பிவிட்டேன். "மன்னிச்சுக்கோம்மா, அழிக்கல" என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"திட்ட நேரமில்ல அக்கா. மூணாவது கம்பம், நேர் கீழ. நான் வலை கட்டுனது அஞ்சாவதுகிட்ட. எத்தனை அடி தள்ளின்னு தெரியாம தோண்டினா குஞ்சு நசுங்கிடும். மேனேஜர் படத்தைக் கண்ணால பாத்தாத்தான் நம்புவார். படத்துல என்னை மட்டும் வெட்டிட்டுக் காட்டலாம்னு பாத்தேன். என்னை வெட்டினா கம்பமும் போயிடுது. வேலை போனா வீட்ல எல்லாருக்கும் கஷ்டம். காட்டலேன்னா அதுங்க செத்துடும். தலை சுத்துது. நீங்க எழுதுறவங்க, என்ன பண்ணட்டும்னு சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்றேன்."

எழுதுறவங்க. என் பொய்யை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இடது ஓரத்தில் ஆமையின் முதுகு. வலது ஓரத்தில் கம்பம், அதில் வெள்ளைப் பெயின்டில் 3. கம்பத்தில் சாய்ந்தபடி டார்ச்சோடு அவள். பத்து எண்ணிக்கொண்டிருப்பதால் வாய் சற்றுத் திறந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அந்தப் பொய்க்கு இரண்டு சொல் தேவைப்பட்டது. இந்தப் பதிலுக்கு ஒன்றே போதும். "காட்டு" என்று எழுதி அழித்தேன். "காட்டாதே" என்று எழுதி அதையும் அழித்தேன். அவள் என் கதையில் வருகிறவளாக மட்டும் இருந்திருந்தால் இதற்குள் எதையாவது செய்யவைத்து, கீழே கையெழுத்தும் போட்டிருப்பேன்.

இன்று நாற்பத்தாறாம் நாள். இப்போது மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு விளக்கு போடுவார்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், படத்தையும் பார்த்துவிட்டீர்கள். போனை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவள் காத்திருக்கிறாள்.