ஜெனாட்டின் பூமுடி

இடது கை ரவிக்கைக்குள் போக மறுத்தது. கிளடிஸ் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருக்க, வேரோனிக்கா அன்ரி துணியை விரல் விரலாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார். சடலங்களை ஆயத்தம் செய்யும் மலர்ச்சாலையில் வேலை செய்யும் பெண் கத்தரிக்கோலோடு பக்கத்தில் நின்றாள். சட்டையின் முதுகுப்பக்கத்தை வெட்டிவிட்டால் சுலபமாகப் போட்டுவிடலாம், எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"வெட்ட வேண்டாம்," என்றாள் கிளடிஸ். "புதுச் சட்டை. அவவுக்கெண்டு அளந்து தைச்சது."

"பிள்ளை, அவசரப்படாதை. உயிரோட இருக்கேக்க ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காதவ. இப்பதான் கொஞ்சம் அடம் பிடிக்கிறா," என்றார் வேரோனிக்கா அன்ரி.

கிளடிஸ் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குனிந்தபோது அவளுடைய சங்கிலி வெளியே விழுந்து ஊசலாடியது. சங்கிலியில் ஒரு சிலுவை. அதோடு கோத்த சின்னச் சாவி ஒன்று. அது ஜெனாட்டின் தோளில் படுவதற்குள் பிடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜெனாட் அவளுடைய மச்சாள், கணவன் நீக்கிலாசின் அக்கா. மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குள் இறங்கி, முந்தநாள் காலையில் ஆஸ்பத்திரியில் வைத்து அவளை முடித்துவிட்டது. கலியாணம் செய்யாதவள். மன்னாரில் அவர்களுடைய ஊர்ப்பக்கம் கலியாணமாகாத பெண் இறந்தால் மணப்பெண்ணைப் போல வெள்ளை உடுத்தி, தலையில் பூமுடி வைத்து அடக்கம் செய்வார்கள். ஆண்டவரிடம் மணவாட்டியாகப் போகிறாள் என்பது நம்பிக்கை. கென்னடி ரோட்டுப் பூக்கடையில் கிளடிஸ் சொல்லிச் செய்வித்த முடி, வெள்ளை ரோசாவும் சிறு இலைகளுமாக, மகள் மெலனியின் கையிலிருந்த பெட்டிக்குள் இருந்தது.

"இது வெடிங்குக்கு வைக்கிறதெல்லோ, அம்மா?"

"மாமிக்கு இதுதான் வெடிங்."

மெலனி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளைத் தூக்கி வளர்த்தவள் ஜெனாட்தான்.

கதவைத் தட்டிவிட்டு நீக்கிலாஸ் உள்ளே வந்தார். அக்காவின் கையில் சுற்றுவதற்குச் செபமாலை கொண்டுவந்திருந்தார். அவருடைய கண் பெட்டியில் விழுந்தது.

"உது என்ன?"

"பூமுடி," என்றாள் கிளடிஸ். "மச்சாளுக்கு."

"முடி வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாமெண்டால் விடுமன்." செபமாலையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வேரோனிக்கா அன்ரி கதவைப் பார்த்தார். "என்னவாம் தம்பிக்கு? அந்தக் களவு விசயத்தை யோசிக்கிறாரோ? அது எந்தக் காலம். சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்தால் களவு போயிடும். கள்ளியெண்டாலும் கன்னி கன்னிதானே."

களவு விசயம் எல்லோருக்கும் தெரியும். ஜெனாட் இளவயதில் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போனவள். எசமானியின் வளையல்களை எடுத்து அகப்பட்டு, சிறையிலிருந்து திரும்பியவள். கலியாணமாகி வந்த புதிதில் மாமியார் கிளடிசைக் குசினிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவள் நல்லவள்தான். ஆனாலும் உம்மட சாமான்களிலை கவனமா இரும்." அன்றைக்குச் சங்கிலியில் ஏறிய அலுமாரிச் சாவி இன்னும் இறங்கவில்லை. பின்னர் ஜெனாட் அகதியாக ரொறன்ரோ வந்து அவர்களோடு டோர்செட் பார்க் அடுக்குமாடியில் தங்கியபோதும், அலுமாரி பூட்டித்தான் இருந்தது.

ஜெனாட் அந்த அலுமாரி இருந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. துவைத்து மடித்த உடுப்புகளைக் கூடையில் அடுக்கி, அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒருமுறை கிளடிசின் காப்பு ஒன்றைக் காணவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜெனாட் தானே தன் சூட்கேசை வரவேற்பறைக்கு இழுத்து வந்து, ஒவ்வொரு உடுப்பாக உதறி வெளியே வைத்தாள். உள்ளாடைகளையும் உதறினாள். நீக்கிலாஸ் பல்கனிக்குப் போய் நின்றார். காப்பு பிறகு மெலனியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து வந்தது. அதைப்பற்றியும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கிளடிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு மலர்ச்சாலையின் கார் தரிப்பிடத்துக்குப் போனாள். மெலனியும் பெட்டியோடு பின்னால் வந்தாள். நீக்கிலாஸ் காருக்குப் பக்கத்தில் நின்று, கறுத்துப்போன பனிக்கட்டியைச் சப்பாத்தால் உதைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ. களவெடுத்தவைக்கு முடி இல்லையெண்டு எங்க எழுதியிருக்கு? சாமியார் சொன்னவரோ?"

அவர் உதைப்பதை நிறுத்தவில்லை. "அக்கா களவெடுக்கேல்ல."

கிளடிஸ் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள்.

"அந்த வீட்டுக்காரியின்ர தம்பி. வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து..." அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. "அக்கா விடிய எழும்பித் தனியப் பொலிசுக்குப் போனவ. பாசையும் தெரியாது. பொலிஸ் எண்டால் காப்பாத்துவாங்கள் எண்டு நினைச்சிட்டா. அவன் தான் தொடவேயில்லை எண்டிட்டான். இவ நடந்தது எண்டு சொன்னாதானே? அதையே ஒப்புக்கொண்டதா எடுத்திட்டாங்கள். கலியாணமாகாதவள் ஒரு ஆம்பிளையோட இருந்தது அங்க குற்றமாம். பலவந்தம் எண்டால் நாலு ஆம்பிளையள் கண்ணால கண்டிருக்க வேணுமாம். பூட்டின அறைக்குள்ள ஆர் காணுறது?"

"அவன்?"

"அவனுக்கென்ன. வீட்டை போயிட்டான்."

தெருவில் பேருந்து ஒன்று சேற்றுப்பனியை இறைத்துக்கொண்டு போனது.

"அப்ப வளையல் கதை?"

"அப்பா சொன்னது. கள்ளியெண்டால் சனம் கொஞ்ச நாளில மறந்திடும், மற்றதை மறக்காது எண்டார். நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேணுமே எண்டு யோசிச்சார். அக்காவிட்டயும் கேட்டவர். அவவும் தலையாட்டினவ."

"அப்பா," என்றாள் மெலனி. "ஷீ வாஸ் ரேப்ட். அவதான் விக்டிம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து மாமியைக் கள்ளியாக்கினீங்கள். ஹூ டஸ் தற்? ஆர் இப்பிடிச் செய்வினம்?"

"உனக்கு விளங்காது, பிள்ளை."

"ஓம், எனக்கு விளங்கேல்ல. விளங்கவும் வேண்டாம்."

நீக்கிலாஸ் மனைவியின் பக்கம் திரும்பினார். "பூமுடி கன்னியளுக்கு வைக்கிறது, கிளடிஸ். கோயிலுக்குள்ள, பீடத்துக்கு முன்னால கொண்டுபோய் வைச்சு ஆண்டவருக்கு நான் பொய் சொல்லேலாது."

"எங்களுக்குச் சொன்னீங்கள்தானே."

அவர் கெட்டவரில்லை. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாதவர். ஆஸ்பத்திரியில் அக்காவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர். அக்காவைக் குற்றவாளியாக்கி அந்த நாட்டு நீதவான் எழுதிய தீர்ப்பை இத்தனை காலமும் தன் நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

கிளடிசுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வந்தது. கடைசிக் கிழமையில் ஒரு மத்தியானம் ஜெனாட் அவளுடைய கையைப் பிடித்து, "மச்சாள், நான் ஒருத்தற்றயும் ஒண்டும் எடுக்கேல்ல, என்ன?" என்று கேட்டாள். "இப்ப ஏன் அந்தக் கதை? படுங்கோ," என்று கிளடிஸ் போர்வையை இழுத்துவிட்டாள். ஜெனாட் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

"முடி வைக்காட்டி ஏனெண்டு கேப்பினம்," என்றாள் கிளடிஸ். "வேரோனிக்கா அன்ரி இப்பவே கேக்கிறா. என்ன சொல்லட்டும்?"

அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"சரி. வையும்."

அக்காவுக்காக அவர் அதைச் சொல்லவில்லை. அது கிளடிசுக்குத் தெரிந்தது. ஆனாலும் மெலனியின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முடியை வைக்கக் குனிந்தபோது சங்கிலி மறுபடியும் வெளியே விழுந்தது. இம்முறை பிடிக்க முடியவில்லை; இரண்டு கையிலும் பூ இருந்தது. சாவி ஜெனாட்டின் நெற்றியில் தட்டி நின்றது.

மாலையில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். சனம் பனியை உதறிக்கொண்டு வந்து, சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டு, வரிசையாக நகர்ந்தது. பூமுடி எல்லோருக்கும் பிடித்திருந்தது. "என்ன வடிவு, நித்திரை கொள்ளுற மாதிரி," என்றார்கள். கிளடிஸ் இரண்டாவது வரிசையில் வேரோனிக்கா அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்னால் செபமாலைக் குழுப் பெண்கள் இருவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கும்பிடப் போறாய் எண்டால் ஹாண்ட்பேக்கை என்னட்டத் தந்திட்டுப் போ."

"ஏன்?"

"ஏனோ? பெட்டி மூடுமட்டும் கவனமா இருக்க வேணும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்த சிரிப்பில்லை, பழகிப்போன சிரிப்பு. கிளடிசும் அந்தப் பகிடிக்குச் சிரித்திருக்கிறாள், குசினிக்குள் ஜெனாட் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே.

அவள் திரும்பினாள். "அவ ஒருத்தற்றயும் ஒண்டும் எடுக்கேல்ல."

நினைத்ததைவிடக் குரல் உரத்துப் போயிருந்தது. முன்வரிசையில் நீக்கிலாசின் முதுகு நிமிர்ந்தது.

வேரோனிக்கா அன்ரி வியப்போடு அவளைப் பார்த்தார். "அப்ப ஏன் பிள்ளை அவங்கள் ஜெயிலில போட்டவங்கள்?"

பதில் சொன்னால் அந்தச் சாவு வீட்டில் ஒரு கள்ளி எழும்பிப் போய்விடுவாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி வந்து படுப்பாள். சொல்லாவிட்டால் நாளைக்குக் கள்ளியைத்தான் மண்ணுக்குள் வைக்க வேண்டும். மெலனி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பொலிசுக்கு முறையிடப் போனதுக்கு," என்றாள் கிளடிஸ்.

என்ன முறைப்பாடு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்த பெண்களில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தங்கையோ மகளோ இல்லாதவர்கள் குறைவு. வேரோனிக்கா அன்ரி கதிரையைப் பிடித்து எழும்பி, முழங்கால் நோவோடு பெட்டியருகே நடந்தார். பூமுடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கினார். நெற்றியில் விழுந்திருந்த ஒரு மயிரை ஒதுக்கி, அந்த இடத்தில் குனிந்து முத்தமிட்டார். வந்தவர்களில் வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை. பிறகு அங்கேயே நின்று செபமாலையை ஆரம்பித்தார். முதல் மணியிலேயே குரல் உடைந்துவிட, இரண்டாவது மணியை மெலனி பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பூசைக்குச் சனம் குறைவு. பகிடி விட்ட இருவரில் ஒருத்தி வரவில்லை. மற்றவள் வந்து கோயில் வாசலில் நீக்கிலாசைப் பிடித்தாள். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"அண்ணை, பிழையா நினைக்காதேங்கோ. அந்த முடி... சாமியாருக்குத் தெரியுமோ? பெட்டி மூட முதல் எடுத்திட்டால் நல்லம் எண்டு சிலபேர் கதைக்கினம்."

நேற்றுக் கள்ளியின் தலையில் அது இருந்தபோது யாருக்கும் குறை தெரியவில்லை. கிளடிஸ் வாயைத் திறப்பதற்குள் நீக்கிலாஸ் பேசினார்.

"நான்தான் வைக்கச் சொன்னனான். என்ர அக்காவுக்கு."

அது முழு உண்மையில்லை. கிளடிஸ் அவரைத் திருத்தவில்லை. அவர் பெட்டியருகே போய் மூடி இறங்கும்வரை காவல் நிற்பவரைப் போல நின்றார். முடியைத் தொட யாரும் வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. யாரோ கொண்டுவந்து வைத்த சோறும் மீன்குழம்பும் குசினி மேசையில் மூடிக் கிடந்தன. நீக்கிலாஸ் சப்பாத்தைக் கழற்றாமல் சோபாவில் இருந்தார். மெலனி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நேற்றைய கோபம் இன்னும் இறங்காத முகத்தோடு கொடுத்தாள்.

கிளடிஸ் உடுப்பு மாற்ற அறைக்குள் போனாள். சங்கிலியோடே சாவியைப் போட்டு அலுமாரியைத் திறந்து, கறுப்புச் சீலையை மடித்து உள்ளே வைத்தாள். சங்கிலியைக் கழற்றிச் சாவியை உருவி எடுத்தபோது அது கோத்திருந்த வளையம் இளகி விரலோடு வந்தது. சாவியை அலுமாரியின் துவாரத்தில் போட்டு அப்படியே விட்டாள்.

"அம்மா, அலுமாரி திறந்து கிடக்கு," என்றாள் வெளியிலிருந்து மெலனி.

"இருக்கட்டும்."

தண்ணீர் குடிக்கவென்று வெளியே வந்தவள் வாசலில் நின்றாள். அறைக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டி, ஜெனாட் உடுப்புக் கூடை வைத்து வைத்துக் கம்பளம் சதுரமாக அமுங்கிப் போயிருந்தது. மயிர் மடிந்து, அந்த இடம் மட்டும் நிறம் மங்கியிருந்தது. கிளடிஸ் சீலைத் தலைப்பில்லாத தோளைக் கையால் தடவிக்கொண்டு, அதை மிதிக்காமல் கால் எட்டி வைத்துக் குசினிக்குப் போனாள்.