மூன்றரை முதல் நாலு இருபது வரை

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு வார்த்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பாள். அந்த லேபில் பதினோரு வருஷம். எத்தனையோ பேருடைய வாய் அவளுக்கு மனப்பாடம். முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாததாலேயே மனசு கதை கட்டும். இந்தக் கீழ்வரிசைக்காரர் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர், யார் மேலோ ஆறாத கோபம். இந்த அம்மாள் வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள், டாக்டரிடம் போகச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அப்படிக் கட்டிய கதைகளில் ஒன்று மட்டும் அவளை விடவே இல்லை. பல் செட் செய்கிற ஒருத்தி பஸ்ஸில் போகிறாள். எதிர் சீட்டில் ஒருவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தப் பற்கள் அவள் செய்தவை. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லை லேசாகச் சாய்த்து வைக்கும்படி கேட்டு வாங்கிப்போன ஒருவருடையவை. அந்த மனிதர் காணாமல் போய் ஆறு மாதமாகிறது. பேப்பரில் வந்த படத்தில் அவருக்கு மார்பு வரைக்கும் தாடி, தடித்த உடம்பு. எதிரே இருப்பவனோ ஒல்லி, மழமழவென்ற முகம். அப்படியானால் அந்தப் பல் இவன் வாய்க்குள் எப்படி வந்தது?

இதை நாவலாக எழுதிவிட வேண்டும் என்று அவள் நினைக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நாலு வருஷத்தில் எழுதியது ஒன்றரைப் பக்கம்.

குறை சொல்லும்படி வீட்டில் யாரும் இல்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக், தங்கமான மனுஷன். மூத்த மகள் வாலுவுக்கு எட்டு வயது, பெயருக்கேற்ற வால். இளையவள் பூசணிக்கு மூன்று வயது, இடுப்பில் வைத்தால் இடுப்பு இறங்கிவிடும். ஆனால் அவள் நோட்டைத் திறந்தால் போதும், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் வியர்த்துவிடும். பூசணி வந்து நோட்டின் மேலேயே உட்காருவாள். வாலுவுக்கு ஒரு சாக்ஸ் மட்டும் கிடைக்காது. கணவன் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டே, "சும்மாதானே இருக்க, இந்த டார்ச்ச கொஞ்சம் புடி" என்பான். சும்மாதானே இருக்க. எழுதுகிறவளைப் பார்த்தால் உலகத்துக்கு அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டார்ச்சைப் பிடிப்பாள்.

அவளுக்கு விடிவுகாலம் நீச்சல் குளத்தில் பிறந்தது.

வாலுவை நீச்சல் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் மூன்றரை மணியிலிருந்து நாலு இருபது வரை. லேபுக்கு அன்று அரை நாள். அந்த நேரத்தில் பூசணி வீட்டில் தூங்குவாள், அப்பா காவல். பெற்றவர்கள் கேலரியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஈரக்காற்று, குளோரின் வாடை, கூரையில் மோதித் திரும்பும் விசில் சத்தம். மற்றவர்கள் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் அன்று போனில் சார்ஜ் இல்லை. கைப்பையில் லேப் ஆர்டர் நோட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு இன்னொன்று. விசில் ஊதி வகுப்பு முடிந்தபோது நாலு பக்கம் ஆகியிருந்தது. அந்த ஐம்பது நிமிஷமும் 'அம்மா' என்று ஒருவர்கூட அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடியவள் தண்ணீருக்குள் இருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறவிடவில்லை. காய்ச்சலோடும் போனாள்.

இரண்டாவது மாதத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவன் பஸ்ஸ விட்டு எறங்குனதும் அந்தப் பொண்ணு பின்னாடியே போச்சா, இல்லையா?"

திரும்பினாள். பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருப்பவர். அவருடைய மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். இத்தனை நாளாகத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எத்தன நாளா படிக்கறீங்க?" என்றாள் கோபமாக.

"மூணு வாரமா. போன வாரம் நீங்க கைய மறைச்சுக்கிட்டீங்க, பாதி பக்கம் போச்சு. வாரம் பூரா மண்டை காய்ஞ்சுது, அக்கா."

கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. நோட்டைப் பின்பக்கம் நீட்டினாள்.

அன்று முதல் கடைசி ஐந்து நிமிஷம் அவருக்கு. படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவர்? மறுநாளே சலூனில் போய்க் கதையை அவிழ்த்துவிடுவார். கத்தரி ஒரு பக்கம் போகும், கதை ஒரு பக்கம் போகும். கொஞ்ச நாளில் முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

"நேத்து ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு," என்றார் ஒரு வாரம். "ஒருத்தர் பல் செட்டு இன்னொருத்தருக்குப் பொருந்தவே பொருந்தாதாமே? அவரும் செட்டுதான் போட்டிருக்காரு. கழட்டியே காமிச்சாரு."

"நல்லா கேட்டிருக்காரு. பொருந்தாதுதான்."

"அப்ப எப்படி, அக்கா?"

"அடுத்த வாரம்," என்று நோட்டை மூடினாள். அப்படி ஒரு கர்வம் அவளுக்கு வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

ஒன்பது மாதத்தில் பதினேழு அத்தியாயம் ஆயிற்று. இன்னும் நான்கு பாக்கி. அப்போதுதான் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் கோச்சம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு விஷயத்துல எனக்கு ஒண்ணு புரியல," என்றார். "அவ கூட சேந்த முக்காவாசிப் பேரும் இருபத்தஞ்சு மீட்டர் முடிச்சு மேல் பேட்சுக்குப் போயாச்சு. இவ எல்லாரையும் விட வேகம். ஆனா டெஸ்ட் வச்சா பாதியில நின்னு கயித்தப் புடிச்சுக்கறா. மூணு தடவை ஆயிடுச்சு. பயம்னு நெனச்சேன். பயமில்ல. கயித்தப் புடிச்சுக்கிட்டு கேலரிய பாக்கறா."

"மேல் பேட்ச் எப்ப?"

"ஸ்கூல் நாள்ல காலைல. வேன்லயே வந்து போயிடலாம். நீங்க இப்படி வந்து காத்துக் கெடக்க வேண்டியதே இல்ல."

நல்ல செய்தி என்றுதான் அவர் அதைச் சொன்னார். அவளுக்கோ பாக்கி இருந்த நான்கு அத்தியாயம்தான் முதலில் ஞாபகம் வந்தது. பிள்ளை தேறிவிடுமே என்று ஒரு தாய்க்குக் கவலை வருமா? வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி பாதியில நிக்கற?"

வாலு நடைபாதைக் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தாள்.

"சொல்லு. திட்ட மாட்டேன்."

"நான் அந்தப் பக்கம் போய்ட்டா சனிக்கிழமை கிளாஸ் கிடையாதாம்."

"அதனால?"

"நீ அப்பறம் எங்க எழுதுவ?"

அவள் நின்றுவிட்டாள். வாலு விடவில்லை. "வீட்ல எழுதினா நாங்க விடமாட்டோம்ல. நான் கயித்தப் புடிச்சுக்கிட்டு பாத்தேன்மா. எழுதறப்ப நீ தனியா சிரிக்கற. வீட்ல அப்படி சிரிக்கறதே இல்ல."

எட்டு வயதுப் பிள்ளை, அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மூன்று தடவை தோற்றுப்போயிருக்கிறாள். யாருக்காக? கிடைத்த ஐம்பது நிமிஷத்தைத் திருட்டுப்பண்டம் மாதிரி ஒளித்து ஒளித்துத் தின்ற அம்மாவுக்காக. நடைபாதையிலேயே மண்டியிட்டு மகளின் முகத்தைப் பிடித்தாள்.

"இங்க பாரு. அம்மா எழுதற நேரம் அம்மா பாடு. நீ நீந்தறது உன் பாடு. இனிமே பாதியில நின்ன, தோலை உரிச்சிடுவேன்."

"திட்ட மாட்டேன்னு சொன்ன."

"இது திட்டு இல்ல."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணவனிடம் சொன்னாள். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு. வாயில் வந்தபோது ஒரே வரிதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பதுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் நான் இந்த வீட்ல இல்ல."

"எங்க போற?"

"எங்கயும் போகல. பெட்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு எழுதப் போறேன். ஆனா இல்ல."

அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "என்ன எழுதற?"

"நாவல். பதினேழு அத்தியாயம் முடிச்சாச்சு."

"பதினேழா?" வாயைப் பிளந்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவன் பூசணியின் வாயைத் துடைத்தான், தேவைக்கு மேலேயே துடைத்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை லிஃப்ட் ரிப்பேர்னு எனக்கு போன் வந்தா?" என்றான்.

"வந்தா வேற ஆளுக்கு மாத்தி விடுங்க. எனக்குக் காய்ச்சல் வந்தா மாத்தி விடுவீங்கல்ல?"

யோசித்தான். "மாத்தி விடலாம்," என்றான் கடைசியில்.

முதல் ஞாயிறு ஒரு போர்க்களம். ஒன்பது பத்துக்கு ஏதோ உருண்டது. ஒன்பது இருபதுக்கு உடைந்தது. ஒன்பதரைக்குப் பூசணி கதவடியில் படுத்து, இடுக்கு வழியாக விரலை நுழைத்து, "அம்மா, நான் உன் விரலைப் பாக்கணும்" என்று அழுதாள். எழுந்திருக்கத் துடித்த கால்களை நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரியை எழுதினாள். சற்று நேரத்தில் கணவனின் குரல்.

"ஏய், இவ நிறுத்தவே மாட்டேங்கறா. என்ன பண்றது?"

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"பதட்டப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்வேன்."

"அதையே அவகிட்டயும் சொல்லுங்க."

வெளியே அவன் தரையில் உட்காருகிற சத்தம். "பூசணி, பதட்டப்படாத. அப்பா இங்கதான் இருக்கேன்." அழுகை மெல்ல விக்கலாகி, விக்கல் சிரிப்பாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது வீடு புயலடித்த மாதிரி கிடந்தது. மூன்று பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். அவள் கையில் முழுசாக ஒன்பது பக்கம்.

அடுத்த சனிக்கிழமை டெஸ்ட். அன்று அவள் நோட்டைத் திறக்கவில்லை. விசில் ஊதியதும் வாலு அம்பு மாதிரி கிளம்பினாள். பாதித் தூரம் வந்தது. கயிறு பக்கத்திலேயே மிதந்தது. கேலரிப் பக்கம் தலை திரும்பவே இல்லை. சலூன்காரர் எழுந்து நின்று, "விடாத! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவளும் கத்தினாள். சின்னக் கை ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி எதிர்ச் சுவரை அறைந்தது.

அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு குதித்ததில் பாதிக் கேலரி நனைந்தது.

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ரொம்ப சந்தோஷம், அக்கா. ஆனா மிச்சக் கதை? என்னைக் கடையில உயிரோட விட மாட்டாங்க."

"முடிச்சுட்டு நானே வந்து படிக்கறேன், உங்க கடையிலயே," என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

ஏழு ஞாயிறு ஆயிற்று. ஏழாவது ஞாயிறு பதினொன்று இருபதுக்குக் கடைசி வரியை எழுதினாள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து, "எல்லாரும் செருப்ப மாட்டுங்க" என்றாள்.

சலூனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவளைக் கண்டதும் சலூன்காரர் ரேடியோவை அணைத்தார், விசிறியை மெதுவாக்கினார், வாடிக்கையாளரை எழுப்பிவிட்டு நடு நாற்காலியை அவளுக்குத் தந்தார். எழுப்பப்பட்டவருக்கு அரைக் கன்னம் நுரை. அப்படியே சுவரோரம் நின்றுகொண்டார். வாலு அம்மாவின் காலடியில். பூசணி அப்பாவின் தோளில்.

மிச்சக் கதையின் முதல் பக்கத்தில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாவது பக்கத்தில் குரல் கதைக்காரியுடையதாகிவிட்டது. பல் செட் செய்கிறவள் அந்த மனிதனைத் தேடிப் பிடித்து நேருக்கு நேர் நிற்கிறாள். யாருடைய பல்லும் இன்னொருவர் வாயில் பொருந்தாது என்கிறாள். அவன் சிரிக்கிறான். அவன் வேறு ஆளே இல்லை, காணாமல் போனவரேதான். ஒரு சலூனில் தாடியை மழித்துவிட்டு, பழைய வாழ்க்கையையும் அங்கேயே உதிர்த்துவிட்டுப் போனவர், அலைச்சலில் பாதியாக இளைத்தவர்.

கடையே வெடித்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று பல் செட்காரர் துள்ளினார்.

"தாடிய எடுத்தது எங்க ஆளு! எங்க ஆளு!" என்று சலூன்காரர் சீப்பால் கண்ணாடியைத் தட்டினார்.

நுரைக் கன்னக்காரர் நுரையோடேயே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னாலிருந்து யாரோ, "முதல்லேர்ந்து ஒருவாட்டி படிங்கம்மா, நான் நடுவுல சேந்தவன்" என்றார்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பூசணியை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, காலியாகிக் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"படி," என்றான். "நானும் முதல்லேர்ந்து கேக்கணும்."