மேலாளருக்கு ஒன்றாம் எண்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக இசக்கிராஜா துறைமுகச் சாலையிலிருந்த ஏற்றுமதி முகவர் அலுவலகத்தின் மேசைக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நெட்வொர்க் பழுது பார்க்கிறவனுக்கு மனிதர்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இது சுடலைச்செல்வியின் கால். அறுந்த செருப்பு வாரில் ஊக்கு மாட்டியிருந்தது. கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அஞ்சு மணிக்குள்ள பதில் குடுக்கணும். சரியில்லன்னா ஒண்ணாந்தேதிலருந்து வராதன்னுட்டாரு மேனேஜரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முருங்கைப் பொடி ஏற்றிய கண்டெய்னர் ஒன்று கப்பலைத் தவறவிட்டது. அதற்கான ஆவணங்களைச் சுங்கத்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டியவள் அவள். நெட் பாதியில் அறுந்தது. மறுபடி நுழையப் போனால், 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்று சொல்லி அவளை வெளியே நிறுத்தியது. ஐந்தாவது முறை லாகின் பூட்டிக்கொண்டது. திறந்து கிடைப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. மேலாளர் பொன்னுதுரை அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, நகலைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவைத்தார்.

"நெட்டு எப்பப்ப போகுது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார் வந்ததும் போகுது. சார் சாப்பிடப் போனா வந்துருது. பதில்ல இத எழுதவா முடியும்?"

"நெசந்தான் தம்பி. அவரு லீவு போட்டா நெட்டு பறக்கும்" என்றார் டீ கொண்டுவந்த மாசானம்.

இரண்டு முறை வந்தும் மேலாளர் அறைக்குள் இசக்கிராஜா போகவில்லை. அங்கே பழுது இருக்க முடியாது என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. பொன்னுதுரை இணையத்தைத் தொடுவதில்லை. மெயில்களை அச்செடுத்துத் தரச் சொல்லிப் படிப்பார், பதிலைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் அடிப்பார். கணினியில் அவர் சீட்டாடினார். அதற்கு நெட் தேவையில்லை.

இந்த முறை உள்ளே போய், ஆட்டம் முடியும்வரை நின்றிருந்துவிட்டு இசக்கிராஜா செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கான முகவரி எண் 'ஒன்று' என்று முடிந்தது.

"சார், ஒங்களுக்கு இருபத்திமூணுல்லா குடுத்திருந்தேன்?"

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். டேட்டா என்ட்ரி புள்ளைக்குப் பதினொண்ணு, மேனேஜருக்கு இருபத்திமூணா? இது ஆபீஸா, சத்திரமா? மச்சினன் மகன் போன்ல சொல்லிக் குடுத்தான், பத்து நாளைக்கு முன்னால நானே மாத்திட்டேன்."

"ஒண்ணு ரூட்டரோடது சார். எல்லா கம்ப்யூட்டரும் அது வழியாத்தான் வெளிய போகும். நீங்களும் ஒண்ணுன்னு சொன்னா, ஒங்க கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும் எல்லாம் இங்கன வந்து நின்னுக்கிடும்."

எல்லாம் தன்னிடம் வந்து நிற்பதில் பொன்னுதுரைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அந்த அலுவலகத்தின் கோப்புகளும் அப்படித்தான் நின்றன.

"ஸ்கிரீன்ல மோதல்னு ஏதும் எழுத்து வரலியா சார்?"

"தெனமும் வரும். அமுக்கி விட்டுருவேன். ரூட்டரு என்ன வே, எனக்கு சீனியரா? அத மாத்தும்."

இசக்கிராஜாவுக்கு வாதாடத் தெம்பு இல்லை. ரூட்டருக்கு இருநூற்று ஐம்பத்திநான்கு கொடுத்தான். அது மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய், இருபத்திரண்டு கணினிகளுக்கும் வெளியே போகிற புது வழியைச் சொல்லிக்கொடுத்தான். முடிக்கும்போது மணி நாலரை. இடுப்பு இல்லாததுபோல் இருந்தது.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் பழுதின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. "அந்தப் புள்ள தப்பு தப்பா லாகின் பண்ணிச்சு, அதான் காரணம்னு எழுதும்" என்றார் பொன்னுதுரை. இசக்கிராஜாவின் அடுத்த வருட ஒப்பந்தக் காகிதம் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்துக்கொண்டார்.

அவன் வெளியே வந்தான். சுடலைச்செல்வி நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினால் அவர் கிழித்துப் போடுவார். அவர் சொன்னபடி எழுதினால் இவள் வீட்டுக்குப் போவாள். பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான்:

'அலுவலகத்தின் முதன்மை எண்ணை மேலாளர் அவர்கள் தாமே தமது கணினியில் ஏற்றிருந்தபடியால், ஏனைய கணினிகளின் போக்குவரத்து அனைத்தும் கடந்த பத்து நாட்களாக மேலாளர் அவர்களிடமே வந்து நின்றது.'

பொன்னுதுரை இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை 'அனைத்தும்' என்ற இடத்தில் உதடு அசைந்தது.

"அந்தப் புள்ளய பத்தி ஒண்ணும் இல்லையே?"

"ஒங்களப் பத்தி எழுதுற எடத்துல அவ பேரு எதுக்கு சார்?"

யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. பச்சை மைப் பேனாவைத் திறந்து, ரிப்போர்ட்டில் ஒன்றும் ஒப்பந்தத்தில் ஒன்றுமாகக் கையெழுத்திட்டுவிட்டு, சீட்டுகளைப் புதிதாகக் கலைத்துப் போட்டார்.

மணி நாலே முக்கால். "ஒன் பதிலோட சேத்து சென்னைக்கு அனுப்பு" என்று இசக்கிராஜா தாளை நீட்டினான். அவள் படித்தாள். சிரிப்பாளென்று அவன் எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. "இதுக்கு அப்புறமும் நான் இங்கனதான வேல பாக்கணும்ணே" என்றாள்.

தாளை அவளே ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தாள்.

ஸ்கேனரின் வெளிச்சம் தாளுக்கு அடியில் ஊர்ந்தது. திரையில் எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தெரிந்தன, கடைசியாகப் பச்சைக் கையெழுத்து, அடியில் இரண்டு கோடுகளோடு. சுடலைச்செல்வி அதைத் தன் பதிலோடு மெயிலில் சேர்த்து, 'அனுப்பு' என்பதில் அம்பை நிறுத்தினாள்; விரல் மவுஸின் மேல் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பொன்னுதுரை டீ கேட்டு மாசானத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.